அருந்ததிக்கு முட்டுக்கொடுத்த வண்டி

நெல்லைக் காயப்போட்டுவிட்டுக் களத்தில் நாலைந்து பேர் மல்லாந்து கிடந்த ஒரு வைகாசி முன்னிரவில்தான் எனக்கு அருந்ததி தெரியவில்லை என்பது தெரிந்தது. ஒருவன் வடக்கே ஏழு ரிஷிகளைக் காட்டினான். கடைசிக்கு முந்தியவர் வசிட்டர். அவரை ஒட்டிக்கொண்டு நிற்கிற பொடி நட்சத்திரம் அவர் பெண்சாதி அருந்ததி. எல்லோரும் தெரிகிறது என்றார்கள். எனக்கு வசிட்டர் தனிக்கட்டையாக நின்றார். “தோ, தெரியுதே” என்று நானும் சொல்லிவைத்தேன். அதற்குள் இன்னொருவன், “அருந்ததி தெரியாதவன் ஆறு மாசத்துல பூடுவான்னு சொல்வாங்கோ” என்று கொட்டாவி விட்டான். இது எனக்குப் புதுச்செய்தி இல்லை. ஆனால் அதுவரை அது ஊராருக்கான பேச்சாக இருந்தது.

அந்த வருஷம், பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் இருந்த ஒதியம்பட்டில் எங்கள் வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டும். கீற்றுக்குச் சொல்லிவிடு என்று என் மனைவி காலையும் மாலையும் நச்சரித்தாள். கார்த்திகைக்குள் போகப்போகிறவனுக்குப் புதுக்கூரை எதற்கு? பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினேன். சோறு இறங்கவில்லை. கடைசியில் அவள் வழிமறித்தாள்.

“இன்னா மாமா, பேயடிச்சாப்ல கீற?”

சொன்னேன். சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது.

“கண்ணு மங்கிப்போச்சுன்னா வைத்தியர்கிட்ட போவணும். எமன்கிட்ட இன்னாத்துக்குப் போற?”

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் கண் மங்கியதால் தெரியவில்லையா, காலம் முடிந்ததால் கண் மங்கியதா? எது முன்னே, எது பின்னே என்று எனக்கு விளங்கவில்லை. அதை அவளிடம் கேட்டதற்குத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்துத் தெருவில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய் வந்த ஒருவர் இருந்தார். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல ஊரே அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடும். அவரிடம் இரட்டைக்குழல் தூரக்கண்ணாடி ஒன்று உண்டு. தோப்பில் இளநீர் திருடுகிறவனைப் பிடிக்க வைத்திருந்தார். ஒருத்தனையும் பிடித்ததாக நினைவில்லை. என் மனைவி போய்க் கேட்டாள். அவர் கண்ணாடியோடு தானும் வந்துவிட்டார்.

கையில் பிடித்துப் பார்த்தேன். வசிட்டர் மின்மினியாகத் துள்ளினார். “துப்பாக்கி சுடறாப்ல மூச்ச புடி, தம்பி” என்றார் சொல்தா. மூச்சைப் பிடித்தால் நெஞ்சு அடித்தது. நெஞ்சு அடித்த அடிக்கு நட்சத்திரமும் குதித்தது. உயிரோடு இருக்கிறவன் எவனும் இதில் பார்க்க முடியாது போலிருக்கிறதே என்று எரிச்சல்பட்டேன்.

மறுநாள் உலக்கையை நட்டமாக நிறுத்தி அதன் தலையில் கண்ணாடியை வைத்தோம். வானமே வட்டம் சுற்றியது. அதற்கடுத்த நாள் பூவரசங்கவட்டை ஒன்றை வெட்டிக் குழியில் நட்டுக் கெட்டித்தேன். ஆட்டம் குறைந்தது. ஆனால் பழந்துணியைச் சுற்றிக் கண்ணாடியைக் கட்டி முடிப்பதற்குள் வசிட்டர் மேலே ஏறிவிட்டார்.

“நட்சத்திரம் ஏறிக்கினே கீது. உன் கவட்ட ஏறலியே மாமா” என்று சிரித்தாள்.

வண்டி யோசனை அவளுடையதுதான். மாடுகளை அவிழ்த்தபின் வண்டியின் பின்பக்கம் இரண்டு மண்மூட்டையை ஏற்றினாள். வண்டி பின்னால் சாய்ந்து, முன்னே நுகம் தாங்குகிற ஏர்க்கால் வடக்கு வானத்தை நோக்கி எழுந்தது. ஏர்க்காலின் அடியில், வண்டிக்குள்ளிருந்து எட்டுகிற இடத்தில், கண்ணாடியை வைக்கோல் பிரியால் கட்டினோம். நான் உள்ளே மண்டியிட்டேன். அவள் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளித் தள்ளித் திருப்பினாள்.

ஆட்டம் நின்றது. வசிட்டர் நின்றார். சற்றுத் தள்ளி ஒரு நட்சத்திரம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட கையோடு பார்த்தால் இரண்டுக்கும் இடையில், ஒரு பக்கமாக ஒதுங்கி, இன்னொரு பொடி!

“மூணு கீதுண்ணா!”

கண்ணாடியை விட்டுப் பிரியாமல் தினமும் கூட வந்த சொல்தாவும் பார்த்தார். “வசிட்டருக்குச் சின்ன வூடு கீதோ இன்னாவோ” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றில் எது அருந்ததி? பார்த்தது நானா, கண்ணாடியா? வெறுங்கண்ணால் பார்க்காதது கணக்கில் சேருமா? சொல்தாவையே கேட்டேன்.

“இது நம்ம எல்ல, இது இங்கிலீஷ்காரன் எல்லன்னு எமன் பாக்கறதில்லபா. கண்ணாடியா பாக்கப்போறான்?” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குக் கிளம்பினார். அது ஆறுதலா பயமுறுத்தலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

“நான் ஒரு தபா பாக்கட்டுமா?” என்றாள் என் மனைவி.

“உனக்கு இன்னாத்துக்குடி? உனக்குத்தான் வெறுங்கண்ணுலயே தெரியுமே.”

“எனக்கு எங்க தெரிஞ்சுது? கல்யாணத்தன்னிக்கு உச்சி வெயில்ல ஐயரு காட்டச் சொன்னாரு, நீ கையக் காட்டுன, நான் மண்டைய ஆட்டுனேன். அப்பால ராவுல எத்தினியோ நாளு பாத்துட்டேன். எனக்கு ஒண்ணுதான் தெரியுது.”

வண்டிக்குள் மண்டியிட்டபடியே திரும்பினேன். அவள் சக்கரத்தில் தோளைக் கொடுத்து வேர்க்க வேர்க்க நின்றுகொண்டிருந்தாள். எங்கள் மூத்தவனுக்கு அப்போது ஏர் பிடிக்கிற வயசு.

“அப்போ அந்த ஆறு மாசப் பேச்சு உனக்குத் தெரியாதா?”

“தெரியாம இன்னா? மொத ஆறு மாசம் பயந்துக்கினேதான் கெடந்தேன். அப்பால புள்ள உண்டாச்சி. மறந்துட்டேன்.”

கல்யாணமான புதிதில் அவள் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். தாய்வீட்டு நினைப்பு, போகப்போகச் சரியாகும் என்று நான் விட்டுவிட்டேன். எனக்கு வந்த அதே பயத்தை, கூரையடியில் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, அவள் ஒருத்தியாகத் தின்றிருக்கிறாள். எனக்கு வந்தபோது சொல்தாவின் கண்ணாடி, உலக்கை, கவட்டை, வண்டி எல்லாம் வந்து நின்றன. இறங்கி அவளை ஏற்றிவிட்டேன்.

அவள் மண்டியிட்டுக் கண்ணாடியில் கண்ணைப் பொருத்தினாள்.

“மூணு கீதே மாமா, எது அருந்ததி?”

கல்யாணத்தில் கை நீட்டிக் காட்டியவன் நான்தான். “எனக்கும் தெரியலடி. நல்லா பாரு” என்று சொல்லிவிட்டு, அவள் பிடித்திருந்த சக்கரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.