தலைகீழாகப் பார்த்த பூமி

அந்தக் கட்டட வேலையிடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவளை எல்லோரும் ராக்கெட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சும்மா வரவில்லை. காலையில் ஏணியில் கால் வைக்கும்போதே, "கிளம்பறேன், பூமியைப் பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவாள். கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் தகரம் முழுக்க விண்வெளிப் படங்கள். கண்ணாடியில் மட்டும் ஒன்றுகூட ஒட்டமாட்டாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் கறார்.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு முடிதிருத்தும் கடையில். தம்பிக்கு முடி வெட்டக் கூட்டிப்போனவள், காத்திருந்த நேரத்தில் ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினாள். கீழே நீல உருண்டை, சுற்றிலும் கறுப்பு, நடுவில் வெள்ளை உடையில் ஓர் ஆள், பிடிமானமே இல்லாமல். பார்த்ததும் அவளுக்கு மூச்சு நின்று வந்தது. நைஸாகப் பக்கத்தைக் கிழித்தாள். கடைக்காரர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கிழிக்கறதுதான் கிழிக்கறீங்க, நேரா கிழிங்க" என்றார். பிற்பாடு அந்தக் கடைக்காரரையே கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் கடைக்கு வரும் பத்திரிகைகளில் இந்த மாதிரிப் படம் எது வந்தாலும் அவரே கத்தரித்துக் கொண்டுவந்துவிடுவார். கொடுக்கும்போது வாய் மட்டும் சும்மா இருக்காது. "இந்தா, உன் சொந்தக்காரங்க போட்டோ வந்திருக்கு" என்பார்.

அவளுக்கு மேலே போக வேண்டும். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே. அதற்கான படிப்பு கிடையாது, யாரும் வந்து கூப்பிடப் போவதும் இல்லை என்று தெரியும். தெரிந்தால் ஆசை போய்விடுமா என்ன? கிடைத்த உயரம் இந்த கிரேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் பயிற்சி வேறு. வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் குறுக்கே மல்லாந்து படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, சுவரில் இருக்கும் பூமிப் படத்தைத் தலைகீழாகப் பார்ப்பாள். விண்வெளியில் மேல், கீழ் எதுவும் கிடையாதாம். அப்படியிருக்கப் படத்தை நேராக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி என்பது அவள் கட்சி. கழுத்து பிடித்துக்கொள்ளப்போகிறது என்று கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி ஒருநாள் தலையைத் தொங்கவிட்டபோது படத்திலிருந்த பூமி சுற்றியது. சுவரும் சேர்ந்து சுற்றியது. குமட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. வேறு யாராவது என்றால் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். இந்த மகராசி சந்தோஷப்பட்டாள். மேலே போகிறவர்களுக்கு முதல் சில நாள் இப்படித் தலைசுற்றும், குமட்டும் என்று எங்கோ படித்திருந்தாள். பயிற்சி பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இப்படி ஒரு மடத்தனம் உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தோன்றும். மறுநாளும் போய்த் தொங்கவிட்டாள், மறுபடியும் சுற்றியது. கணவரிடம் மூச்சு விடவில்லை.

அதே வாரம் கேபினிலும் அந்தச் சுற்றல் வந்தது. ஒரு கம்பிக்கட்டைத் தூக்கிப் பாதி வழியில் இருக்கும்போது, கிரேன் கையின் நுனியை நிமிர்ந்து பார்த்தாள். வானம் சுழன்றது. அவளுடைய சந்தோஷமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்தக் கம்பிகளுக்குக் கீழே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் லிவரிலிருந்து எடுத்தாள். கையை எடுத்தால் கிரேன் அப்படியே நின்றுவிடும். பிறகு தட்டுத்தடவி வாக்கி-டாக்கியைப் பிடித்தாள்.

"அண்ணே, ஆளுங்களை ஒதுக்குங்க. எனக்குத் தலை சுத்துது."

கீழே நின்று அவளுக்கு சிக்னல் சொல்கிறவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசில் ஊதி எல்லோரையும் விரட்டினார்.

"எல்லாரும் தள்ளிப் போயாச்சு தங்கச்சி. நீ மெதுவா பண்ணு. ஒரு அவசரமும் இல்ல."

சுற்றல் நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, கம்பிக்கட்டைக் காலியான இடத்தில் பூப்போல இறக்கி வைத்தாள். ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, நேரே இன்ஜினியரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தாத்தான் இனிமே நீங்க ஏறணும்" என்றார்.

நியாயம்தான். ஆனால் தலைசுற்றல் என்று இறங்கியவர்கள் திரும்ப ஏறி அவள் பார்த்ததில்லை. அப்படி இறங்கிய ஒருவர் இப்போது வாசல் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். ராக்கெட்டில் போக முடியாதது ஒரு குறை, அவ்வளவுதான். இந்தக் கேபினும் போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும்?

வீட்டில் கணவர் கிண்டலை நிறுத்திவிட்டார். தலைசுற்றலைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஏங்க, எதாவது சொல்லுங்களேன்."

"என்னத்தைச் சொல்றது."

"மூளையில ஏதாவது இருக்குமோ?"

அவர் தன் கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் காது மருத்துவரிடம் அனுப்பினார்கள், அவர் ஒரு நடுவயதுப் பெண். அவளை மேசையில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, சட்டென்று மல்லாத்தித் தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார். உலகம் சுற்ற ஆரம்பித்தது. கணவரின் கையை நசுங்கப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் அவள் கண்களையே உற்றுப் பார்த்தார். சுற்றல் அடங்கியதும் தலையை மறுபக்கம் திருப்பி, பொறுத்தார். அப்படியே உடம்பையும் ஒருக்களித்து முகத்தைத் தரைப் பக்கம் திருப்பி, பொறுத்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார்.

"மூளையில ஒண்ணும் இல்லம்மா. காதுக்குள்ள பொடிப்பொடியா கல்லு மாதிரி இருக்கும். எது மேல, எது கீழன்னு உடம்புக்குச் சொல்றதே அதுங்கதான். அதுல சிலது இடம் மாறிப் போச்சு. இப்ப திருப்பிக் கொண்டுபோய் விட்டாச்சு."

"தினமும் நான் இப்படித்தான் டாக்டர் தலையைத் தொங்கவிட்டுப் படுப்பேன்" என்று படத்தின் கதையைச் சொன்னாள்.

மருத்துவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாதி வைத்தியத்தை நீங்களே பண்ணியிருக்கீங்க. மீதியையும் பண்ணியிருந்தா என்கிட்ட வந்திருக்கவே வேண்டாம்."

"மேல போறவங்களுக்கும் இந்தக் கல்லாலதான் சுத்துதா?"

"அங்க எடையே தெரியாதே. மேல எது கீழ எதுன்னு இதுங்களுக்கும் புரியாது. அதான் குழப்பம்."

"பாத்தீங்களா டாக்டர், டிக்கெட் எடுக்காமயே போயிட்டு வந்துட்டா" என்றார் கணவர். சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அந்தக் கிண்டலைக் கேட்டபிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த வாரம் மருத்துவர் மறுபடியும் தொங்கவிட்டுப் பார்த்தார். எதுவும் சுற்றவில்லை. ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவள் ஏறினாள். இருக்கையில் உட்கார்ந்து லிவரைத் தொடாமல், கிரேன் கையின் நுனியை மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். காத்திருந்தாள். நுனி இருந்த இடத்தில் இருந்தது, மேகமும் வானமும் அதனதன் இடத்தில் இருந்தன. குனிந்து பார்த்தாள், தரை தரையாகவே கிடந்தது. இத்தனை வருஷமாக எதை விட்டுப் போக ஆசைப்பட்டாளோ அது அசையாமல் இருந்ததில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன தங்கச்சி, தூக்கலாமா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஒரு நிமிஷம் அண்ணே. நிக்குது."

"எது நிக்குது?"

"எல்லாமே."

"நிக்கட்டும். மொதல்ல கம்பியை எடு, ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."