முந்நூறு கிராம்

நான் வாங்கி வந்த பழப்பையை ஆட்காட்டி விரலில் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நொடி ஆயிற்று. "ஆப்பிள் ஒரு கிலோன்னா குடுத்தான்? பையோட சேத்துத் தொள்ளாயிரத்து நாப்பதுதான் இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, என் காரின் முன்சக்கரத்தைக் கழற்றக் குனிந்தார். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக நிறுத்துப் பார்த்தேன். தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. அடுத்த முறை போனபோது சும்மா இருக்காமல் அதைச் சொல்லிக் காட்டினேன். ஐந்து கிராம் பிசகியதற்கு மனிதருக்கு உண்மையிலேயே முகம் சுண்டிப்போய்விட்டது.

டயர் கடையில் அவருக்குப் பெயரே 'கிராம்'தான். முதலாளிக்குக் கிராம், கூட வேலை செய்கிறவர்களுக்குக் கிராம் அண்ணன். முப்பத்தொரு வருடமாக அங்கே வீல் பேலன்சிங் செய்கிறார். சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறதோ அதற்கு நேர் எதிரே விளிம்பில் ஈயத்துண்டு ஒட்டுகிற வேலை. ஐந்து கிராம், பத்து கிராம் என்று துண்டின் மேலேயே எண் பொறித்திருக்கும், பின்பக்கம் பசை. எத்தனை கிராம் வேண்டும் என்று இயந்திரம் திரையில் காட்டிவிடும். இவர் அதற்கு முன்பே சக்கரத்தை ஒரு விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்து, துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு திரைக்காகக் காத்திருப்பார்.

"அஞ்சு கிராம் முன்னப்பின்ன இருந்தா என்ன, குடியா முழுகிப் போயிடும்?" என்று ஒருமுறை கேட்டேன். எனக்கு ஊர் ஊராகக் கார் ஓட்டுகிற பிழைப்பு, எப்போதும் அவசரம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எண்பதுல போறப்ப ஸ்டியரிங் நடுங்கி அழும் சார். அப்ப என்னைத்தான் திட்டுவீங்க."

குள்ளமான ஆள். சக்கரங்களைத் தூக்கித் தூக்கி வலது தோள் சற்று இறங்கியிருக்கும். கடைக்குப் போனால் வாங்கியதை ஒரே பையில் போட விடமாட்டார். இரண்டு பையில் சரிபாதியாகப் பிரித்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒரே ஒரு சோப்பு வாங்கினாலும் மறு கையில் என்ன பிடிப்பது என்று யோசிக்கிறவர் போல நிற்பார். அவருக்குப் பொய் சொல்ல வராது, சுமாராகச் சொல்லவும் வராது. மணி என்ன என்றால் 'பத்தே முக்கால் இருக்கும்' என்று சொல்லமாட்டார். 'பத்து நாப்பத்து மூணு' என்பார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். ஊருக்கே டீச்சர் என்பதால் கணவருக்கும் டீச்சர்தான். 'டீச்சர், தண்ணி எடுத்துட்டு வா' என்று மரியாதையும் உரிமையும் கலந்து கூப்பிடுவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். குழந்தைகள் இல்லை. "முப்பது வருஷமா எனக்கு வருஷத்துக்கு இருநூறு பிள்ளைங்க, போதாதா?" என்பார் டீச்சர். பெரிய மரக் கிட்டார் ஒன்றை அணைத்துக்கொண்டு வகுப்பு எடுப்பாராம்.

ஒருநாள் வகுப்பில் அவர் கையிலிருந்து சுண்ணக்கட்டி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. பிறகு வலது கையால் கதவின் தாழ்ப்பாளைத் திருப்ப முடியவில்லை. தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொள்கிற நோய் அது. 'மெதுவாத்தான் போகும்' என்றார் மருத்துவர். திரும்பி வரும் என்று சொல்லவில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டார். அந்தப் பெரிய கிட்டாரைச் சுற்றிக் கை போகவில்லை என்றதும் அதைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டு வந்தாராம்.

"சார், ஒரு இடத்துக்கு வர முடியுமா? ஒரு பொருள் வாங்கணும். பஸ்ஸுல கொண்டு வந்தா இடிபடும்" என்று கிராம் என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். யாரோ வீடு மாறுகிறவர், பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை விற்கிறார். எலக்ட்ரிக் கிட்டார் உடம்பு மெலிசு. கையை நீட்ட வேண்டியதில்லை. கம்பியும் மெத்தென்று அழுந்தும். டீச்சரே சொன்னதாம். சொல்லிவிட்டு, 'சும்மா சொன்னேன், வேண்டாம்' என்றும் சொன்னாராம்.

மாடி வீடு. பாதி சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. விற்பவர், கண்ணாடி போட்ட குமாஸ்தா, வாசித்துக் காட்டப் பெருவிருப்பத்தோடு கிட்டாரை எடுத்தார். "பாட்டெல்லாம் வேண்டாங்க. பட்டையைத் தோள்ல மாட்டிட்டு ரெண்டு கையையும் விடுங்க" என்றார் கிராம். அவர் விட்டார். கிட்டாரின் தலை, முறுக்காணிகள் இருக்கும் அந்த நீண்ட நுனி, தூங்கி விழுகிறவரின் தலை போலத் தரையை நோக்கிச் சாய்ந்தது. "இந்த வகைக்கு எல்லாம் இப்படித்தாங்க, இடது கையால தாங்கிக்கணும்" என்றார் குமாஸ்தா குற்றம் செய்தவர் போல. கிராம் அதை வாங்கி விரலில் தொங்கவிட்டுக் கண்ணை மூடினார். "ரெண்டு கிலோ அறுநூறு. இதை விட லேசா கிடைக்காது. சாயறதை நான் பாத்துக்கறேன். கனத்தைத்தான் யாராலயும் குறைக்க முடியாது." எப்படிப் பாடும் என்று கடைசிவரை கேட்கவில்லை. குமாஸ்தாவுக்கு அது பெரிய குறை.

விஷயம் எளிது. டீச்சரின் இடது கை இன்னும் நன்றாக இருந்தது. அந்தக் கை கிட்டாரின் கழுத்தைத் தாங்குவதில் ஓய்ந்துபோகக் கூடாது. விரல்கள் கம்பிகளுக்கு மட்டுமே. ஆக, கையை எடுத்தாலும் கிட்டார் சாயாமல் நிற்க வேண்டும். கிராம் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதில் போட்டார். தலையிலிருந்த ஆறு இரும்பு முறுக்காணிகளைக் கழற்றிவிட்டு லேசானவற்றை மாட்டினார். பட்டை மாட்டும் குமிழை இரண்டங்குலம் நகர்த்தினார். வழுக்காமலிருக்கப் பட்டையின் உள்பக்கம் சொரசொரப்பான தோல் தைத்தார். பிறகு கடையின் உத்தரத்தில் கயிறு கட்டிக் கிட்டாரைத் தொங்கவிட்டு, பின்புறம் அடிப்பக்கத்தில் ஈயத்துண்டுகளை ஒன்றொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தார். முந்நூறு கிராமில் அது தரைக்கு இணையாக, ஆடாமல் அசையாமல் நின்றது. கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

வீட்டில் டீச்சர் முதுகு நிமிர்ந்து முக்காலியில் உட்கார்ந்து பட்டையை மாட்டினார். வலது முழங்கையைக் கிட்டாரின் அடிப்பக்கத்தின் மேல் வைத்தார். கிட்டாரின் தலை விருட்டென்று கூரையைப் பார்த்து எழுந்தது. கிராமுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் சிரித்த சிரிப்பில் பட்டை நழுவியது. "ஏங்க, வாசிக்கிற ஆள் இல்லாமலே பேலன்ஸ் பண்ணிட்டீங்களே! என் கையும் அது மேலதானே இருக்கும்?"

முப்பத்தொரு வருடமாகக் காரை விட்டுத் தனியாகக் கழற்றிய சக்கரத்தையே பார்த்தவர். சக்கரத்துக்கு மேல் யாரும் கை வைப்பதில்லை. அசடு வழிய உட்கார்ந்து, கிட்டாரை டீச்சர் மடியிலேயே வைத்துக்கொண்டு துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். கடைசித் துண்டையும் எடுத்த பிறகுதான் கிட்டார் நேராக நின்றது. பிய்த்தவற்றை ஒரு இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டார். "பாத்தியா டீச்சர், உன் கை சரியா முந்நூறு கிராம்" என்றார். "அவ்வளவுதானா? நான் பெரிசா நினைச்சிட்டிருந்தேன்" என்றார் டீச்சர். அன்று சாயங்காலம் அவர் ஒரு மணி நேரம் வாசித்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த அறையில் சந்தோஷம் இருந்தது, அது தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். டீச்சர் குளிக்கப் போயிருந்தார். கிராம் கிட்டாரைக் கவிழ்த்து மடியில் வைத்து, டப்பாவைத் திறந்து, பத்து கிராம் துண்டு ஒன்றுக்குப் புதிதாகப் பசை நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை மறைத்தார். அறுபது வயதை நெருங்குகிறவர் பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவர் போல விழித்தார்.

"தலை லேசா சாயுது சார்" என்றார். எனக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. கிட்டார் மாறவில்லை. அதன் மேல் வைக்கிற கை இளைத்திருக்கிறது.

அதன் பிறகு அது அவருக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. டீச்சர் வாசிப்பதை வாசல் பக்கம் நின்று பார்ப்பார். பாட்டு காதில் விழுமோ என்னமோ, கண் கிட்டாரின் தலையிலேயே இருக்கும். மறுநாள் டீச்சர் குளியலறைக்குப் போனதும் ஒரு துண்டு ஒட்டப்படும். ஈயம் வயிற்றில் சில்லென்று படக்கூடாது என்று மேலே மெல்லிய துணி ஒன்றையும் ஒட்டியிருந்தார். லேசான கிட்டாராகத் தேடி வாங்கியவர் தன் கையாலேயே அதன் கனத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு என் காரில்தான் போவோம். மருத்துவர் தன் இரண்டு விரலை நீட்டி, "அழுத்துங்க" என்பார். டீச்சர் அழுத்துவார். "நல்லாவே இருக்கு. போன தடவைக்கு இப்ப பெரிய மாற்றம் ஒண்ணும் இல்லையே" என்பார். ஒருமுறை அப்படிச் சொன்னபோது கிராம் வாயைத் திறந்து, மனைவியைப் பார்த்து, மூடிக்கொண்டார். வெளியே, காரின் பக்கம் வந்ததும் என்னிடம் தாழ்ந்த குரலில், "மூணு மாசத்துல எழுபத்தஞ்சு கிராம் சார்" என்றார். முன்டயரில் காற்று குறைந்திருக்கிறதா பாருங்கள் என்று பேச்சை மாற்றினேன். நான் கோழை. அவர் நல்ல மனிதர். உடனே குனிந்து பார்த்தார்.

டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். போன மாதம் கிராம் தேநீர் போட உள்ளே போன நேரத்தில் டீச்சர் கிட்டாரைக் கண்ணால் காட்டினார். "துணி மேல விரலை ஓட்டினா எத்தனை துண்டுன்னு எண்ணிடலாம் சார். முதல்ல எல்லாம் எண்ணுவேன். இப்ப எண்ணறதில்லை."

"கேட்கலையா அவரை?"

"கேட்டா சொல்லிடுவாரே. அவருக்குத்தான் பொய் வராதே." இடது கையால் வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "ஒட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பேப்பரைத் தூக்கி வெச்சுட்டு உக்காருவாரு. தலைகீழா." சிரிக்கத்தான் சொன்னார்.

நேற்று போயிருந்தேன். வலது கையால் கம்பியை மீட்டுவது நின்று இரண்டு வாரம் ஆகிறதாம். எலக்ட்ரிக் கிட்டாரில் ஒரு சௌகரியம்: இடது கை விரல் கம்பியைத் தட்டி அழுத்தினாலே போதும், ஒலிபெருக்கிப் பெட்டியில் சன்னமாக ஒலி வரும். டீச்சர் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஏதோ எளிய மெட்டு. வலது கை கிட்டாரின் மேல் பழைய இடத்திலேயே கிடந்தது. கிராம் எதிரே நாற்காலியில் இருந்தார். பக்கத்து மேசையில் அந்த டப்பா, மூடி திறந்தபடி. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு துண்டு, ஐந்து கிராம்.

மெட்டின் நடுவில் கிட்டாரின் தலை மெல்லச் சாய்ந்தது. கொஞ்சம்தான், ஒரு விரற்கடை. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாங்கள் மூவரும் கவனித்தோம். டீச்சரின் விரல்கள் நின்றன. அவர் குளியலறைக்குப் போகும் நேரமில்லை; மறைக்க வழியில்லை. கிராம் அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அதையும் ஒட்டிவிட்டால் முந்நூறு.

"எவ்வளவுங்க ஆச்சு?" என்றார் டீச்சர். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

கிராம் துண்டிலிருந்து கண்ணை எடுத்தார். "எண்ணலை டீச்சர்" என்றார். "நீ வாசி."

துண்டை டப்பாவில் போட்டு மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாற்காலியை மனைவியின் இடப்பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆட்காட்டி விரலை நீட்டிக் கிட்டாரின் தலைக்கு அடியில் கொடுத்து, அது பழைய இடத்துக்கு வரும்வரை உயர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டார்.