பித்தளை வில்லையின் பின்பக்கம்

பழைய காசு வியாபாரத்தில் சரக்கு கெடாது; வியாபாரியின் கண்தான் கெடும்.

காசு சேர்த்து அவதிப்படும் சக துன்பசாலிகளே, எனக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை மாறினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று, வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்துக்குத் துண்டறிக்கை எழுதியதற்காக என்னை வெளியேற்றினார்கள். இரண்டு, கிழக்கேகோட்டையில் ஓர் ஓட்டலில் சங்கம் வைத்ததற்காக மாவாட்டும் வேலையிலிருந்து நீக்கினார்கள். மூன்று, அந்தச் சங்கமே மாநாட்டு மேடையில் நிறுவியவர்கள் பெயரையெல்லாம் வாசித்துவிட்டு என் பெயரை மட்டும் விட்டுவிட்டது. நான்கு, சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை வாசலில் மேசை போட்டுப் பழைய காசு விற்றுத் தலைநிமிர்ந்த வருஷத்தில் கண்ணில் புரை விழுந்தது. ஐந்து, ஆபரேஷன் ஆனபிறகும் கைலென்ஸில் காசின் எழுத்து பழையபடி தெரியவில்லை.

இந்த ஐந்தோடு பட்டியல் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

தகரப்பெட்டி

தெருவுக்கு மூன்று இன்டர்நெட் சென்டர் இருந்த காலம் அது. ஒரு நாள் காலை வித்துரா பஸ்ஸில் செல்வக்கனி என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். தோட்டம் நொடித்துப்போய், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் அறைகளை வேலை செய்தவர்களின் வாரிசுகளுக்கு மட்டும் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். அவள் பிறந்த அறை அது. இரண்டு பிள்ளைகளோடு இப்போதும் அதில்தான் இருக்கிறாள். ஆனால் தோட்டத்துப் பேரேட்டில் இறந்துபோன அவள் அம்மாவின் பெயர் இல்லை. 114 என்ற எண்ணுக்கு நேரே 'சுடலையின் மனைவி' என்று மட்டும் இருந்தது. அப்பா சுடலை யாரைக் கட்டினார் என்பதற்குக் காகிதம் கிடையாது; அவள் பள்ளிச் சான்றிதழில் அம்மா பெயர் மட்டும்தான் உண்டு. வாய்ச் சாட்சி எல்லாரும் எல்லாருக்கும் சொல்வார்கள், ஆவணம் கொண்டுவா என்று அதிகாரி ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். "நம்பர் இருக்கு அண்ணாச்சி, ஆள் இல்லங்கிறான்" என்றாள்.

வேலைநிறுத்தம் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு நான் வெளியிட்ட துண்டறிக்கை என்னிடம் இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருந்தது. மேசைக்கடியில் தகரப்பெட்டியில், முப்பது வருஷமாக. பெருமையோடு எடுத்து விரித்தேன். தோழர் சுடலை, தோழர் அந்தோணி, தோழர் மாடசாமி. விரலை இறக்கிக்கொண்டே வந்தவன், பெயருக்குப் பதில் 'நம்பர் 114' என்று மட்டும் இருந்த வரியில் நின்றேன். பேரேட்டைப் பார்த்து எழுதியது, அவர்கள் செய்த தப்பு அது என்று சொன்னேன். அவள் அந்த வரியில் விரல் வைத்தாள். "நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கீங்களா, அண்ணாச்சி?"

நானூறு மடங்கு

போகும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பித்தளை வில்லையை மேசையில் வைத்தாள். தோட்டத்தில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, விழும். முன்பக்கம் 114 ஆழமாக அடித்திருந்தது. பின்பக்கத்தில் அம்மா ஏதோ கீறி வைத்திருந்தாள் என்றாள் செல்வக்கனி. என் லென்ஸில் தேய்மானம் மட்டும் தெரிந்தது. அன்று சாயங்காலமே, கம்ப்யூட்டரில் மாட்டும் மலிவு மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கப் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். கோரிக்கையை எப்போதும் உச்சத்தில் வைக்க வேண்டும் என்று துண்டறிக்கைகள் கற்றுத்தந்தவன் நான். நானூறு மடங்கு என்று போட்டிருந்ததை வாங்கினேன். பெட்டிமேல் இருக்கும் எண்ணைத் தேர்தல் அறிக்கை மாதிரி வாசிக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது.

பக்கத்தில் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்த சஜியின் கம்ப்யூட்டரில் மாட்டினோம். ஒத்திகைக்குச் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் செப்புக்காசு ஒன்றை வைத்தேன். திரையில் செம்மண் மேடு ஒன்று விரிந்தது. மேட்டைப் பிளந்துகொண்டு ஒரு பாதை, பாதை முடிவில் பச்சையாக ஒரு குளம். களிம்புதான், ஆனாலும் மழை விட்டதும் பொன்முடிச் சாலையில் நிற்பது போலிருந்தது. காசை மயிரிழை நகர்த்தினால் மலையே நகர்ந்தது. எவ்வளவு நேரம் அதில் நடந்துகொண்டிருந்தேனோ, சஜி தோளைத் தொட்டு மலையாளத்தில் கேட்டான். "சகாவே, சங்கு எவிடே? இது காசல்லல்லோ, காசின்டெ தோலு!"

எட்டுச் சூரியன்

மறுநாள் போய் மாற்றிக் கேட்டேன். குறைந்த எண் வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். முழுக்காசும் ஒரே படத்தில் அடங்க இருபது மடங்கே அதிகம் என்று அதற்குள் புரிந்திருந்தது. பிளாஸ்டிக் வளைகழுத்துத் தாங்கியை வாங்காதீர்கள். வெளியே பஸ் போனால் உள்ளே காசு நடுங்கும். கனமான இரும்பு அடித்தளம் உள்ளதாகப் பாருங்கள். படமெடுக்கும் பொத்தான் கருவியிலேயே இருந்தால் தொடாதீர்கள். தொட்டாலே படம் கலங்கும், கம்ப்யூட்டரில் எடுங்கள்.

இத்தனையும் பார்த்து வாங்கியதில் செல்வக்கனியின் வில்லையை வைத்தேன். கருவியின் வாயைச் சுற்றி எட்டு விளக்கு. பித்தளையில் எட்டுச் சூரியன் உதித்தது, வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் அந்தச் சூரியன்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தவணை முடிய ஒரு வாரம் இருந்தது. கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து காசு வாங்க வரும் ரிட்டயர்ட் வாத்தியார் சாமி, என்னை மேசையில் காணாமல் சஜியின் கடைக்கே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "என்ன ஓய், காசு பார்க்கறீரா, கிரகணம் பார்க்கறீரா? எதுத்தாப்பல நின்னு அடிச்சா என்னத்தத் தெரியும்? பக்கத்துலேர்ந்து அடியும்!"

பக்கத்து வெளிச்சம்

எதிரே நின்று அடிப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவனுக்கு அந்த யோசனை ரசிக்கவில்லை. ஆனாலும் எட்டு விளக்கையும் அணைத்தேன். மத்தியானம் சஜி ஷட்டரைப் பாதி இறக்கிக் கொடுத்தான். டார்ச்சின் முகத்தில் பட்டர் பேப்பரை ஒட்டி, வில்லையின் ஓரத்தில் தரையோடு தரையாகப் பிடித்தேன். இந்த ஒரு காரணத்துக்காகவாவது, லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே மூன்று விரல் இடம் விடும் கருவியாக வாங்குங்கள்.

வெளிச்சம் சரிந்து விழுந்ததும் பித்தளை மங்கி மலைச்சரிவு ஆனது. அதிகாலையில் தோட்டத்து மூட்டம் கலைவது போல ஒரு பக்கம் மெல்லத் தெளிந்தது. முதலில் ஒரு பள்ளம். அதன் கரையில் நிழல். டார்ச்சைக் கொஞ்சம் திருப்பினேன். நிழல் வளைந்து ஓர் எழுத்தானது. அடுத்தது. அதற்கடுத்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முனையால், அவசரம் இல்லாமல், பல நாள் கீறிய எழுத்துகள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. முகமும் தெரிந்தது. வேலைநிறுத்த ஊர்வலத்தில் எனக்கு நேர் முன்னால் நடந்தவள். அன்று துண்டறிக்கையை நான் உரக்க வாசித்து முடித்ததும் அருகில் வந்து கேட்டாள். நம்பர் 114 வந்ததே, அது நீதானேம்மா என்று சிரித்து அனுப்பினேன். அவள் கேட்டது இதுதான்: "எல்லார் பேரும் வாசிச்சீங்க தோழர், என் பேரு எப்ப வரும்?"

லயத்து முற்றம்

அதனால் பட்டியலில் ஒன்று சேர்க்கிறேன். ஆறு, நான் செய்தது. நடந்த வரிசைப்படி பார்த்தால் ஒன்றுக்கும் முன்னால் வர வேண்டியது அது.

தவணை நாளில் சஜி எடுத்துத் தந்த இரண்டு படங்களோடு லயத்துக்குப் போனேன். ஒன்றில் முன்பக்க எண், ஒன்றில் பின்பக்க எழுத்து. முற்றத்தில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அந்தோணி, மாடசாமி, செல்வக்கனியின் அம்மாவோடு கொழுந்து கிள்ளிய பழைய கூட்டாளி இசக்கியம்மா என்று மூன்று சாட்சிகள். செல்வக்கனியின் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் அம்மா பெயர் வில்லையிலும் இருந்தால் போதும். அறை அவளுக்குத்தான் என்றார் அதிகாரி. அவர் மலையாளி, தமிழ் வாசிக்கத் தெரியாது. படத்தை என்னிடமே நீட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்தேன், தொண்டையைச் செருமினேன், மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தேன். இசக்கியம்மா பொறுமை இழந்தாள். "மீட்டிங்குல அம்புட்டுப் பேச்சு பேசுனவுக, ஒரு பேரு சொல்ல இம்புட்டு நேரமாய்யா?"

"சாட்சிகள் கேக்கட்டே, உறக்கெ வாயிக்கூ" என்று சத்தமாக வாசிக்கச் சொன்னார் அதிகாரி.

ஆக, துன்பசாலிகளே, மலிவு மைக்ராஸ்கோப் வாங்கினால் காசின் விலை கூடாது, போன கண்ணும் திரும்பாது, முப்பது வருஷத்துக்கு முந்தைய துண்டறிக்கையில் ஒரே ஒரு வரியைத் திருத்திக்கொள்ளலாம், அந்த வரியை நான் எழுந்து நின்று, மூன்று சாட்சிகளுக்கும் கேட்கும்படி வாசித்தேன்: "நூற்றுப் பதினான்கு, தோழர் முத்துப்பேச்சி."