தொண்டைமானாற்றுச் சுவரிலை ஒரு செம்புப் பலகை

எங்கடை நுண்ணலைத் தொழில் எப்பிடியெண்டால், சரியா வேலை செய்யேக்கை ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பாக்காயினம், பிழைச்சால் ஊரே தேடி வரும். போன் ரவர் ஏறினவை, அன்ரனா திருப்பினவை, கேபிளோடை மாரடிச்சவை எல்லாருக்கும் என்ரை பாடு விளங்கும். நான் பிறவியிலையே பயந்தாங்கொள்ளி. அதையும் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன்.

செய்வினை

தொண்டைமானாற்றுக் கரையிலை புதுசா ஒரு ஐஸ் களஞ்சியம் எழும்பினாப் பிறகு, பின்னாலை இருந்த மீனவர் வீடுகளுக்குப் போன் சிக்னல் அறவே இல்லை. கட்டிடம் ரவரை மறைச்சுப் போட்டுது. கடலிலை நிக்கிற மனுசனுக்குச் சிக்னல் இருக்கும், கரையிலை இருக்கிற மனுசிக்கு மணி அடிக்காது. அதுக்குத்தான் எங்கடை ஆய்வுகூடத்திலை ஒரு பலகை செய்தம். மீப்பொருள் எண்டு புத்தகத்திலை சொல்லுவினம். சின்னச் சின்னச் செம்புக் கட்டங்களைக் கோலம் மாதிரி வரிசையா அச்சடிச்சிருக்கும். கரண்ட் வேண்டாம், பற்றரி வேண்டாம். ரவரிலையிருந்து வாற அலையை நாங்கள் கேக்கிற பக்கம் திருப்பி விடும்.

அதை ஓட்டோவிலை கொண்டு போய் மீனவர் சங்கக் கட்டிடத்தடியிலை இறக்கினன். சுத்தியிருந்த துணியைக் கழட்டினதுதான் தாமதம், கூடி நிண்ட சனம் நாலடி பின்னுக்குப் போட்டுது. செம்புத் தகட்டிலை கட்டமும் கோடும் கண்டால் எங்கடை ஆக்கள் வேறை என்ன நினைப்பினம்? அந்தக் கரையிலை மீன்பிடிக்கிற கிருபா அண்ணையின்ரை மனுசி ராசாத்தி அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு நேரை என்னட்டை வந்தா. சங்கத் தலைவர் சிவம் அண்ணை மட்டும் இடையிலை பூந்திராட்டி அண்டைக்கு எனக்கு அடி நிச்சயம். அக்கா கேட்டது இப்பவும் காதுக்குள்ளை நிக்குது: "ஆரின்ரை குடியைக் கெடுக்க உந்தத் தகட்டைக் கொண்டந்தனீர்?"

மணி அடிச்சுது

சிவம் அண்ணை பொறுப்பெடுத்தபடியாலை பலகையைச் சங்கக் கட்டிடச் சுவரிலை பூட்டினம். கோணம் அளந்து ஆணி இறுக்க மத்தியானம் ஆச்சு.

அப்பதான் ராசாத்தி அக்காவின்ரை போன் அடிச்சுது. கடலிலையிருந்து கிருபா அண்ணை. புளியைக் கரைச்சு வை, நல்ல மீன் இருக்கு எண்டாராம். அவ்வளவுதான், அக்கா அழுதுபோட்டா. போன மாரியிலை அவர் ஒரு முழுநாள் கரைக்கு வராமல் இருந்ததையும், தான் கடலைப் பாத்துக் கத்தினதையும் சொன்னா. பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டு, சிரிக்காமல் சொன்னா: "தம்பி, இனி அவரின்ரை குரல் வரேல்லை எண்டால் நான் கடலைக் கேக்க மாட்டன், உம்மைத்தான் கேப்பன்."

வெள்ளிக்கிழமை

ஒரு மாதம் நிம்மதியாப் போச்சு. பிறகு ஒரு வெள்ளி காலமை, நல்லூரிலை நான் தேத்தண்ணியை வாயிலை வைக்க, சிவம் அண்ணை சிக்னல் இருக்கிற சந்திக்குப் போய் நிண்டு போன் எடுத்தார். கரையிலை ஒருத்தற்றை போனும் வேலை செய்யேல்லையாம். கிருபா அண்ணை விடியவே வந்திருக்கோணுமாம், அவருக்கு எடுத்தால் எந்நேரமும் லைன் பிஸியாம். காத்தும் எழும்பியிட்டுதாம். மோட்டச்சைக்கிளிலை போற வழி முழுக்க, சந்நிதி முருகா, என்ரை பலகையாலை ஒரு உயிர் போகக்கூடாது எண்டதைத் தவிர வேறை ஒண்டும் என்ரை வாயிலை வரேல்லை.

ஏணி வைச்சு ஏறிப் பாத்தால் செம்பையே காணேல்லை. பலகை முழுக்க ஈரச் சந்தனம், நடுவிலை குங்குமம், மேலை செவ்வரத்தம்பூ. மழைத்தண்ணி எண்டால் வழிஞ்சு ஓடிடும். சந்தனம் அப்பிக்கொண்டு நிக்கும், அந்தக் கட்டங்களின்ரை அலைவரிசையே மாறிப்போம், அலை திரும்பாது. வாளித் தண்ணியாலை கழுவி, என்ரை சேர்ட்டைக் கழட்டித் துடைச்சன். அவசரத்திலை வாளி ஒருக்கா விழுந்தும் போச்சு. கீழை அக்கா போனை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு நிண்டா. கடைசி மூலையைத் துடைக்கேக்கை மணி அடிச்சுது. எஞ்சின் நிண்டு, வள்ளத்துக்குள்ளை தண்ணி ஏற, விடிஞ்சதிலையிருந்து அவர் தனக்குத் தெரிஞ்ச கரை நம்பர் எல்லாத்துக்கும் அடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் நிண்ட இடத்தைச் சொல்ல, உடனை ரெண்டு வள்ளம் ஓடிச்சுது. ஆளை உயிரோடை கொண்டந்தினம். ஈரத்தோடை கரையிலை இறங்கின கிருபா அண்ணை என்னைப் பாத்துச் சொன்னார்: "இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால், தம்பி, நீர் போனைத் திருத்தி ஒரு பிரயோசனமும் இல்லை."

உப்புக்காத்து

என்ன பிழை எண்டு அக்கா என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டா. சந்தனம் பூசினது அவதான் எண்டு சிவம் அண்ணை அதுக்கு முதலே என்ரை காதுக்குள்ளை சொல்லிப்போட்டார். மனுசன்ரை குரலைக் கொண்டு வாற தகடு எண்டு நேந்து, விடியக் குளிச்சுப் பூசினவவாம். அந்த முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுறது? உப்புக்காத்து அக்கா எண்டு பொய் சொல்லிப்போட்டு ஓடி வந்திட்டன்.

அக்கா திரும்பவும் பூசிடுவாவோ எண்டு கிழமை முழுக்க நித்திரை இல்லை. அடுத்த வெள்ளி விடியக்காலமை போனன். நான் பயந்தது சரி. கிருபா அண்ணை கடலிலை. அக்கா ஈரத்தலையோடை ஏணியடியிலை நிக்கிறா, கையிலை சந்தனக் கிண்ணம். அவரைத் திருப்பித் தந்ததுக்கு இந்த முறை இரட்டிப்பாப் பூசப் போறாவாம். இனி ஒளிக்க ஏலாது. சந்தனம் பட்டால் குரல் வராது எண்டதையும், அண்டைக்கு நடந்ததையும், நான் சொன்ன பொய்யையும் ஒண்டும் விடாமல் சொன்னன். திட்டுவா எண்டு நினைச்சன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அக்கா கிண்ணத்தை நிலத்திலை வைச்சிட்டு, சந்தனம் ஒட்டின தன்ரை விரலைப் பாத்துக்கொண்டு கேட்டா: "அப்ப, அவரைச் சாகக் குடுக்கப் பாத்தது என்ரை கையோ?"

அண்டையிலையிருந்து நான் பூட்டுற பலகை ஒவ்வொண்டுக்கும் கீழை 'ஆபத்து, தொடாதீர்' எண்டு எழுதிறேல்லை, 'சந்தனம் பூசாதீர்' எண்டுதான் எழுதிறன். நீங்களும் எழுதுங்கோ, என்னை மாதிரி ஒரு கிழமை பிந்தி எழுதாதேங்கோ.