ஷீபாவின் பிள்ளைக்குப் பின்னிய ஆக்டோபஸ்

என் கர்ப்பம் இரண்டு முறை கலைந்தபோது, சபையாராகிய நீங்கள் எனக்காக முழங்காலிட்டீர்கள். அதற்குப் பிறகு உங்களிடம் நான் மறைத்த ஒன்றை இன்று சொல்லி, தேவன் எனக்குச் செய்ததையும் சொல்லுகிறேன்.

கடந்த ஆண்டு பிப்ரவரியில், என் கொழுந்தன் மனைவி ஷீபா உண்டாயிருக்கிறாள் என்று மாமியார் சொன்னார். பத்து வருஷமாக எனக்குக் கிடைக்காதது, கல்யாணமாகி ஆறே மாதத்தில் அவளுக்குக் கிடைத்தது. சிரித்தேன். பிறகு அறைக்குள் போய் அழுதேன். ஒரே வீட்டில் இருந்தும் அவளோடு பேசுவதைக் குறைத்தேன். ஏழாம் மாதம் அவள் வீட்டார் கடற்கரை ஊரான முட்டத்திலிருந்து பலகாரத்தோடு வந்த அன்று, தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டேன். ஜெபிக்கவும் முடியவில்லை. என்னவென்று ஜெபிப்பது?

ஆகஸ்டில், எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி வந்து பெண் குழந்தை பிறந்தது. ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஷீபா போன் செய்தாள். மூக்கில் போட்ட குழாயைப் பிள்ளை பிடித்து இழுக்கிறாள், இரண்டு தடவை கழன்றுவிட்டது என்றாள். நூலில் பின்னிய ஆக்டோபஸ் பொம்மையைப் பக்கத்தில் வைத்தால், சில குழந்தைகள் குழாயை விட்டு அதன் சுருண்ட காலைப் பிடித்துக்கொள்ளும் என்று நர்ஸ் சொன்னாராம். சபை விற்பனைக்கு நான் குரோஷா ஊசியால் நூல் பின்னுவது அவளுக்குத் தெரியும்.

“எக்கா, கேக்க எனக்கு வாய் வரல்ல. உங்களுக்கு மனசு கஷ்டமுன்னா வேண்டாம்.”

என் மனசு அவளுக்குத் தெரிந்தேயிருக்கிறது. நான் உடைந்துபோனேன்.

சமையலறைத் தரையிலேயே முழங்காலிட்டேன். ஆண்டவரே, பத்து வருஷமாக எனக்கு ஒரு பிள்ளை கேட்டேன், இன்றைக்கு இந்தப் பிள்ளையைக் கேட்கிறேன், என் கசப்பை எடுத்துப்போடும் என்றேன்.

மார்த்தாண்டம் போய் மஞ்சள் பருத்தி நூல் வாங்கினேன். பஞ்சு வெளியே வராதபடி நெருக்கமாகப் பின்னினேன். கண்ணுக்குப் பாசிமணி வைக்காமல் கறுப்பு நூலால் தைத்தேன். ஒவ்வொரு காலுக்கும் பிள்ளைக்காக ஒன்று கேட்டேன். மூச்சு. பால். எடை. மூன்றாவது கால் கோணலாக வந்தது, பிரித்துப் போட்டேன். ஐந்தாவது காலில், ஷீபாவிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியத்தைக் கேட்டேன்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளிடம் சொன்னேன்.

“உனக்குப் பிள்ளை உண்டானதுல எனக்குப் பொறாமை இருந்துச்சு, மக்கா. மன்னிச்சிரு.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொம்மையைப் பார்த்து, அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

“எங்க ஊருல இத பேய்க்கணவாய்னு சொல்லுவாவ, எக்கா.”

நர்ஸ் அதை வெந்நீரில் துவைத்துக் காயவைத்து, தாம் பக்கத்தில் நின்று கவனிக்கும் நேரங்களில் மட்டும் பெட்டிக்குள் வைத்தார். இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அரிசி போன்ற நகங்கள் உள்ள அந்தச் சின்ன விரல்கள், ஒரு காலை இறுகப் பிடித்திருந்தன. குழாய் அதன் இடத்தில் இருந்தது. பொம்மைதான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். டாக்டர்கள் உழைத்தார்கள், கர்த்தர் காத்தார். நாற்பத்தொன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கிருபா என்று பெயர். இப்போது தவழ்கிறாள்.

எனக்கு இன்னும் பிள்ளை இல்லை. அதற்காக இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் பிள்ளைச் சிரிப்பு கேட்கும் வீட்டைக் கண்டு நான் இப்போது ஒளிவதில்லை. ஞானஸ்நானத்தன்று பிள்ளையை முன்னே கொண்டுபோக ஷீபா என் கையில்தான் தந்தாள்.

அடுத்தவர் சந்தோஷம் உங்களில் யாருக்காவது பாரமாக இருந்தால், அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார்.