முதலில் வந்தது புகை

ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்று. மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, கடைசியில் வராமலே போன பிற்பகல். அன்றைக்குத்தான் ஜெபா கட்டிய எஞ்சின், காரோடு சேர்ந்து, திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த அவளுடைய தகரக் கொட்டகையை விட்டுப் போனது. இழுவை வண்டியில் காரை ஏற்றிச் சங்கிலி போட்டார்கள். எஞ்சினின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து கருப்பு ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஒரே ஒரு நாள் குடுங்கண்ணா. தொறந்து பாத்துடறேன். இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் ஜெபா.

காரின் சொந்தக்காரனான தமிழ்வாணனின் அப்பா அருணகிரி, லாரிகள் வைத்திருப்பவர். அதட்டிப் பேசுகிற ஆளில்லை. "தொறந்து பாத்து இன்னாம்மா ஆவப்போவுது? ஒடைஞ்சது ஒடைஞ்சிபோச்சு. பெங்களூர்ல ஒர்த்தர் கீறாராம். அங்க போவுது" என்று மட்டும் சொன்னார்.

கூட வந்திருந்த அவருடைய மச்சான் தனகோடிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "பேக்டரில போல்ட்டு முடுக்குனா எஞ்சினு கட்டிடலாமா? அப்போ நான் தெனம் டிக்கெட்டு எடுக்கறேன், டிரெயினு ஓட்டறேனா?"

இழுவை வண்டிக்காரன் சிரித்தான். ஜெபா தமிழ்வாணனைப் பார்த்தாள்.

"தமிழு, பந்தயத்துல மொதல்ல பொகை வந்துது. அப்புறம்தான் சத்தம். நீ பாத்தியா இல்லியா?"

"உள்ள குந்திகினு நான் இன்னாத்தக்கா பாக்கறது?" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது. தரையில் வழிந்த ஆயிலின் மேல் மரத்தூளைக் கொட்டிவிட்டு, ஜெபா ஒரு டயரின்மேல் உட்கார்ந்தாள்.

*

ஜெபாவின் அம்மா சந்திரம்மா நாற்று நட்டுப் பிழைத்தவள். நட்ட வயல்களில் அருணகிரி வீட்டு வயலும் உண்டு. ஜெபா ஐடிஐ முடித்து, மறைமலைநகரில் ஒரு கார் தொழிற்சாலையில் எஞ்சின் பிரிவில் சேர்ந்தாள். பிஸ்டன் இறக்குகிற இடம் அவளுடையது. போல்ட்டைச் சரியான அளவுக்கு முடுக்கினால் தலைக்கு மேலே பச்சை விளக்கு எரியும், தப்பானால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் அந்த எஞ்சின் ஓர் அடி நகராது. பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பச்சையைப் பார்த்தே அவளுடைய நாள் நகர்ந்தது. பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு, புருஷன் ஜோஷ்வா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கொட்டகை போட்டாள். எஞ்சின் பிரித்துக் கட்டுவதில் அவளுக்குப் பெயர் வந்தது. மாமல்லபுரத்து டூரிஸ்ட் வேன்கள், சதுரங்கப்பட்டினத்துப் படகுகளின் டீசல் எஞ்சின்கள் எல்லாம் வந்தன. வேலை முடிந்ததும் பச்சை விளக்கு எரியாததுதான் ஒரு குறை. கட்டி முடித்த எஞ்சின் முன்னால் சும்மா கொஞ்ச நேரம் நிற்பாள்.

தமிழ்வாணன் ஒருநாள் பழைய செடான் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். டர்போ வைத்த பெட்ரோல் கார். "டிராக் ரேஸ் ஓட்டப்போறேங்க்கா. கால் மைலு, நேர் ரோடு. எனக்கு இதே எஞ்சின் இன்னும் ஸ்ட்ராங்கா ஓணும்."

"எவ்ளோ ஸ்ட்ராங்கா?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

"அதுக்கு லாரி வாங்கு. உங்கப்பாகிட்ட நெறைய கீது."

ஆனாலும் எடுத்துக்கொண்டாள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளுகிற சின்ன விசிறிதான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், பலமும் கூடும். கூடுகிற பலம் உள்ளே இருப்பதையெல்லாம் உடைக்கப் பார்க்கும். ஆகவே கம்பெனி பிஸ்டன்களை எடுத்துவிட்டு அடித்துச் செய்த பிஸ்டன்கள், அவற்றைத் தாங்குகிற தடித்த கனெக்டிங் ராடுகள், பெரிய டர்போ என்று ஒவ்வொன்றாக மாற்றினாள். டர்போவின் வாய் காற்றை நேராக விழுங்க வேண்டும் என்று இடது ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே அதை வைத்தாள். ஊதிய காற்று சூடாகிவிடும் என்பதால், அதைக் குளிரவைத்து எஞ்சினுக்கு அனுப்ப முன்பக்கம் அலுமினியப் பெட்டி ஒன்று. வாய்க்கு ஒரு கம்பி வலையும் செய்திருந்தாள். வலை இருந்தால் காற்று கொஞ்சம் குறையும். பந்தயத்தன்று அதைக் கழற்றிவிடுவது என்று பேச்சு.

"ஈசிஆர்ல ஒரு ரவுண்டு அடிச்சிப் பாக்கலாமாக்கா?" என்று கேட்டான்.

"அங்க செத்தவங்க போதும். உங்க லாரி ஷெட்டுலயே ஓட்டிப் பாரு."

மாதக்கணக்கில் இழுத்தது அந்த வேலை. பிஸ்டனைச் சுற்றிப் போடுகிற ரிங் முழு வட்டம் இல்லை. முனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சூட்டில் ரிங் நீளும். பந்தய எஞ்சினில் சூடு அதிகம், இடைவெளியும் அதிகம் வேண்டும். போதாவிட்டால் முனைகள் முட்டி, பிஸ்டனே விண்டுபோகும். அதனால் ஒவ்வொரு ரிங்கையும் கையால் அராவி, அளந்து, மறுபடி அராவிப் போட வேண்டும். மூன்றாவது சிலிண்டருக்கு ரிங் அராவிய வாரம் சந்திரம்மா காய்ச்சலில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கிருந்து வந்து, கண்ணெல்லாம் எரிய, ஜெபா அந்த வேலையை முடித்தாள்.

பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தடத்தில். தமிழ்வாணனின் அம்மா சரோஜாவும் வந்திருந்தாள். முதல் ஓட்டம் முடிந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. அவன் ஓடிய பிரிவில் அதைவிட வேகமாக அன்று யாரும் ஓடவில்லை. தமிழ்வாணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து ஜெபாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அக்கா, சீட்டுல என்ன யாரோ பிடிச்சித் தள்ன மாரி கீதுக்கா!"

சரோஜாவுக்கு அந்தக் கைதட்டல்தான் பயம். "எத்தினி கண்ணு! எம்மா, எத்தினி கண்ணு!" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்தாள். வீட்டிலேயே கோத்து எடுத்து வந்த எலுமிச்சையும் மிளகாயும். அவர்கள் லாரி எல்லாவற்றிலும் அவள் கையால் கோத்ததுதான் தொங்கும். ஐப்பசி மழையிலும் அறுந்து விழாது என்று டிரைவர்களே பெருமையாகச் சொல்வார்கள்.

"அம்மா, காருக்கு வெயிட் ஏத்தாத" என்றான் தமிழ்வாணன்.

"நீ ரெண்டு இட்லி கம்மியா துன்னு, சரியாப் பூடும்" என்று சொல்லி, இடது பக்க பம்பரில் கட்டினாள். வலை கழற்றியிருந்த டர்போவின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி.

ஜெபா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பின்னால் கட்டுங்களேன் அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். கழுத்தில் சிலுவை தொங்குகிற ஒருத்தி, அவர்கள் வீட்டு எலுமிச்சையை அவிழ்க்கச் சொன்னால் எப்படிக் கேட்கும்? அதுவும் சந்திரம்மாவின் மகள். சரோஜா கொட்டகைக்கு வந்து ஜெபாவின் டம்ளரிலேயே டீ குடித்துவிட்டுப் போகிறவள். அந்த உறவே புதுசு. சொல்லாமலே விட்டாள். எலுமிச்சை, மிளகாய், நூல். எல்லாம் மெத்தென்ற சாமான். வாய்க்குள் போனாலும் தூளாகிப் போய்விடும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டாவது ஓட்டத்தில், பாதித் தூரம் தாண்டியதும், காரின் பின்னால் நீலப் புகை சுருண்டு எழுந்தது. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். அப்புறம்தான் சத்தம், தகரக் கூரையில் தேங்காய் விழுந்ததுபோல். ராடு உடைந்து எஞ்சினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தமிழ்வாணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எலுமிச்சை எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. அந்த வேகத்தில் எதுதான் ஒட்டிக்கொண்டிருக்கும்?

*

கார் போன பிறகு தமிழ்வாணன் ஒரே ஒரு முறை போன் செய்தான். "பெங்களூர்ல தொறந்துட்டாங்கக்கா. மூணாவது பிஸ்டன் விண்டுகீதாம். அந்தத் துண்டுதான் போயி டர்போவையும் அடிச்சிட்டுதுன்றாங்க. ரிங்கு மேட்டராத்தான் இருக்கும்னு சொல்றாங்க."

மூணாவது. அதற்குப் பிறகு ஜெபா புகையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அராவியது ஞாபகம் இருக்கிறது. அரத்தின் சத்தம், விரல் நுனியில் ஒட்டிய தூள், ஆஸ்பத்திரியிலிருந்து சேலையில் ஏறிவந்த டெட்டால் வாசனை, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கடைசியாக ஒரு முறை அளந்தாளா என்பது மட்டும் நினைவில் இல்லை. அளந்திருப்பாள். அளக்காமல் போடுகிறவள் இல்லை. ஆனால் வீட்டைப் பூட்டினோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கிறவளுக்கு, பூட்டுகிறவள்தான் என்பது ஒரு பதிலா?

ஊர் அவளை ஒதுக்கவில்லை. கார் வேலை குறைந்தது, படகு எஞ்சின் வரத்தான் செய்தது. அவள்தான் திருப்பி அனுப்பினாள். மாமல்லபுரத்திலிருந்து ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்து, "நீ கட்னாதான்மா சரியாருக்கும்" என்று சொன்னார். வேறு ஓர் ஆளின் பெயரைச் சொல்லி அனுப்பிவைத்தாள். கட்டி முடித்த எஞ்சின் முன்னால் நிற்க முடியவில்லை. எல்லாமே சிவப்பாக எரிவதுபோல் இருந்தது.

கொட்டகையை டைல்ஸ் வியாபாரிக்கு விட்டாள். ஜோஷ்வா சிறுசேரியில் ஐடி கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறவன். அந்த கேப்களுக்கு சர்வீஸ் பார்க்கிற இடத்தில் அவளுக்கும் வேலை கிடைத்தது. ஆயில் மாற்று, பிரேக் பார், கழுவி அனுப்பு. எஞ்சினுக்குள் கை வைக்கிற வேலையே இல்லை. ஒவ்வொரு வீல் நட்டையும் முடுக்கி, மறுபடி முடுக்கிப் பார்த்து, சிவப்புப் பெயின்ட்டால் அடையாளம் வைப்பாள்.

"இன்னாக்கா, நட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சிகினு கீற? கண்ணாலமா?" என்பான் கூட வேலை செய்யும் விஷால்.

"ஆமா. மாப்ள நீதான்."

சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவாள். வண்டிகளுக்குக் குறைவே இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை நிறம். சாயங்காலம் ஜோஷ்வாவின் கேபிலேயே வீடு திரும்புவாள், பின் சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு.

"நீ இன்னும் அந்த மூணாவதுலயே குந்திகினு கீற" என்றான் ஜோஷ்வா ஒரு நாள், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"ஞாபகம் வரலியே."

"நேத்து கொழம்புல ரெண்டு வாட்டி உப்பு போட்ட. அது ஞாபகம் கீதா? ரிங்கு எங்கருந்து ஞாபகம் வரும்? உடேன்."

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். விடுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அப்படியே இரண்டு பொங்கல் போனது. மூன்றாவது பொங்கலும் முடிந்து, மாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள். ஜெபா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாட்ஸப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. சுருக்கம் விழுந்த ஓர் உள்ளங்கை. அதில் நசுங்கிச் சுருண்ட செம்புக் கம்பித் துண்டு. அதன் நடுவே, கருகிப்போன மிளகாய்க் காம்பு ஒன்று இறுகச் சிக்கியிருந்தது.

ஜெபா படத்தைப் பெரிதாக்கினாள். நூல் இல்லை. கம்பி. சரோஜா எலுமிச்சை கோத்த கம்பி, டர்போவின் வாய் வழியாகத்தான் போயிருக்கும். வேகமாகச் சுற்றும் விசிறியில் அது பட்டால் இறக்கை உடையும், தண்டு ஆடும், டர்போவின் ஆயில் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். அதுதான் சத்தத்துக்கு முன்னால் வந்த நீலப் புகை. அந்த ஆயில் தாறுமாறாக வெடித்தால் எந்தப் பிஸ்டனும் தாங்காது, எவ்வளவு சரியாக ரிங் போட்டிருந்தாலும். அவள் மெதுவாக டிபன் பாக்ஸை மூடினாள். படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு இருந்தது. அதை அழுத்திவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"ஜெபா, நான் தமிழு அம்மா பேசறேன், சரோஜா. இத்த அமுக்கிகினேதான் பேசணுமாம், பக்கத்து வூட்டுப் பொண்ணு கீர்த்தனா சொல்லிக்குடுத்துது, உட்டா கட்டாய்டுமாம். நல்லாக்கீறியா? அம்மா நல்லாக்கீதா? பெங்களூர்ல கழட்டிக் குடுத்த அந்தக் காரு அலுமினியப் பொட்டிய தமிழு விக்கறேன்னு கவுத்துக் கழுவனான். உள்ளருந்து இது வுழுந்துது. இன்னான்னு தெரியாம தூக்கிப் போடப் போனான். எனக்குத் தெரியாதா? எங்க கெணத்து மோட்டாரு காயில் கம்பி இது. நூலுன்னா மழைல இத்துப்பூடுதுன்னு நான் இதுலதான் கோப்பேன். உங்கிட்ட சொன்னதில்ல, நீயும் கேட்டதில்ல. நீ மொதல்ல பொகை வந்துதுன்னு சொன்னியாமே. இப்பதான் சொல்றான் அந்தப் பையன். உனுக்குப் போன் பண்ண மூஞ்சி இல்லன்றான். தனகோடி இன்னாமோ பேசிட்டான் அன்னிக்கி, அதும் எனக்கு இப்பதான் தெரியும். உங்கைல ஒண்ணும் தப்பில்ல ஜெபா. எங்கைதான். நான் உன்ன வந்து பாக்கணும். நீ வராத, நான்தான் வரணும். சிறுசேரில எந்தாண்ட கீது உன் கம்பெனி? பஸ்சு எங்க நிக்கும்? யார்னா வழி சொல்வாங்களா, இல்ல நீயே வந்து கூட்டிகினு போவியா? சொல்லு."