கேம்ப்புக்கு வர்றீங்களா, அத்தை?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் மருமகள் சௌமியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, வர்ற சனி ஞாயிறு மியூசிக் கேம்ப் ஒண்ணு இருக்குதுங்க. நாம ரெண்டு பேரும் போலாமுங்களா?"

மியூசிக் என் காதில் விழவே இல்லை. கேம்ப் மட்டும்தான் விழுந்தது!

ஆவடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கேம்ப் என்றால் பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் இடம். நீள மதில், மதில் மேல் முள்கம்பி, கேட்டில் துப்பாக்கியோடு ஒரு ஆள். ஆவடி சேக்காட்டில் பிறந்து சேக்காட்டிலேயே வாக்கப்பட்டவள் நான். அந்த மதில் ஓரமாக எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

அங்கே பாட்டுக் கச்சேரி வைப்பார்களா? வைப்பார்கள் போல... பட்டாளத்திலும்தான் பேண்டு வாத்தியம் இருக்கிறதே!

"தங்கறது?" என்று கேட்டேன்.

"அங்கயே டென்ட் குடுத்துருவாங்க அத்தை."

டென்ட்டா! சந்தேகமே இல்லை, பட்டாளம்தான்.

"எந்தப் பக்கம்?"

"பூந்தமல்லி தாண்டி உள்ள போகணுமுங்க."

அங்கேயும் ஒரு கேம்ப் திறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "எத்தன மணிக்கு ஆரம்பிப்பாங்க?"

"டைம் எல்லாம் இல்லீங்க. அது அப்படியே ஆரம்பிக்கும். நாமளும் எப்ப வேணா போலாம்."

அப்படியே ஆரம்பிக்குமா? எட்டரை மணி பஸ்ஸுக்கு ஏழரைக்கே ஸ்டாப்பில் போய் நிற்கிற என்னிடம் சொல்லுகிற பதிலா இது?

சௌமியாவுக்குச் சொந்த ஊர் கோபி. அம்பத்தூரில் ஐ.டி. வேலை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, என் பையன் தினேஷை ஆபீஸில் புனேவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பாவும் இல்லை. ஆக, வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். அவள் எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுவாள். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். மற்றபடி சண்டை சச்சரவு இல்லை.

அன்று சாயங்காலம் என் தம்பி முருகேசனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். உலகத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. கேட்டால் அவனே சொல்வான்.

"யக்கா, கேம்ப்னா சும்மாவா? கேட்லயே நிறுத்தி வெச்சி நோண்டி நோண்டி கேப்பான். அதுவும் இந்தியில. உனுக்கு இங்கிலீஷே ததிங்கிணத்தோம்... இன்னா பண்ணுவ?"

"சௌமியா பேசும்டா."

"தனித்தனியா நிக்க வெச்சி கேட்டான்னா?"

போச்சு! அன்றைக்கு ராத்திரித் தூக்கம் அவன் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். சௌமியாவுக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அவள் கண்ணெதிரே ஒரு கேட்டில் நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பது வேறு... இல்லையா?

மறுநாள் சொல்லிவிட்டேன். "முட்டி வலிக்குதும்மா. நீ வேணா போய்ட்டு வா."

"பரவாயில்லீங்க அத்தை" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே! அதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

துணி மடிக்கும்போது எதையாவது பாடிக்கொண்டே மடிப்பது அவள் பழக்கம். அன்றைக்குப் பாடவில்லை. அதற்கு மறுநாள் பால்கனியில் நின்று அவள் அம்மாவிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது.

"அத்தைக்கு என்கூட வர்றதுல இஷ்டமில்ல போலம்மா. முட்டி வலின்னு சொன்னாங்க. அப்புறம் பார்த்தா மாடிக்கு ரெண்டு தடவ ஏறி எறங்குறாங்க... அவரு வர்ற வரைக்கும் நான் அங்கயே வந்து இருந்துக்கறேன். வீட்டுல இருந்து வேலை பார்க்கறேன்னு ஆபீஸ்ல கேட்டுக்கலாம்."

வடகம் காயப்போட ஏறினேன் ஐயா! ஒரு வடகம் குடும்பத்தையே பிரிக்கும் என்று யார் கண்டது?

அவள் ஊருக்குப் போய்விட்டால்? 'அத்தை, காபிங்க' என்று எழுப்ப ஆள் ஏது? இந்த வீட்டில் பாடுகிற ஆள்தான் ஏது? துப்பாக்கியைவிட அது பெரிய பயமாக இருந்தது. முடிவு பண்ணிவிட்டேன். கேம்ப்புக்குப் போவது. இந்தியிலேயே பதில் சொல்வது!

எங்கள் தெருமுனையில் பானிபூரி வண்டி போடுபவர் பிகார்க்காரர். அவரிடம் போய் நின்றேன்.

"தம்பி, 'நான் மருமகளோட வந்துகீறேன்'னு இந்தியில எப்படி சொல்றது?"

"மை பஹூ கே சாத் ஆயி ஹூன். பஹூன்னா மருமக, அக்கா."

சும்மா கேட்டுவிட்டு வர மனசு வரவில்லை. ஒரு பிளேட் பானிபூரியும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, சமையலறை. கேட்டில் நிற்பவருக்குப் பதிலாக கேஸ் சிலிண்டர். தோசைக் கரண்டியும் கையுமாக விறைப்பாக நின்றுகொண்டு ஒத்திகை பார்த்தேன்.

"மை பஹூ கே சாத் ஆயி ஹூன்... மை பஹூ கே சாத்..."

"அத்தை... சிலிண்டர்கிட்ட எதுக்குங்க இந்தி பேசறீங்க?"

திரும்பினால், சௌமியா!

"ஒண்ணுமில்லம்மா... சும்மா."

"பஹூன்னா மருமகதானுங்களே? என்கூட வந்திருக்கறதா யாருகிட்டங்க சொல்றீங்க?"

"கேட்டாண்ட துப்பாக்கி வெச்சிகினு நிப்பாங்களே, அவங்ககிட்ட."

"எந்த கேட்டுங்க?"

"கேம்ப் கேட்டுதான்!"

அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்துவிட்டுப் போனைக் காட்டினாள். ஒரு மாந்தோப்பு. மரத்தடியில் சின்ன மேடை. ஒரு பையன் கிடார் வாசிக்கிறான். கேட்க வந்தவர்கள் பாய் விரித்துப் பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் இருக்கிறார்கள். மேடைக்கு முன்னால் ஒரு நாய் நிம்மதியாகத் தூங்குகிறது.

"இதுக்குப் பேரு கேம்ப்பா? தோப்புன்னு சொல்லித் தொலையக் கூடாதாடி?"

"அப்ப முட்டி வலிங்க அத்தை?"

"அது முட்டி வலி இல்ல. இந்தி வலி. உன் எதிர்ல வாயத் தொறக்கத் தெரியாம நின்னுட்டா அசிங்கமாப் பூடுமேன்னுதான்..."

அவள் சிரிப்பு நின்றுபோனது.

"எனக்கும் இந்தி வராதுங்க அத்தை. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவங்க இந்தியில பேசிச் சிரிச்சா, நானும் புரிஞ்ச மாதிரி சிரிச்சு வெப்பேன். இந்த மியூசிக் ஃபெஸ்டிவலுக்குக்கூட டீம்ல எல்லாரும் குரூப்பா போறாங்க. என்னை மட்டும் கூப்பிடலீங்க. தனியா போகப் பயம். அதான் உங்களைக் கேட்டேன்."

நான் என்னவோ, பெரிய படிப்பு படித்தவர்களுக்குப் பயமே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறது. நாகரிகமாக, ஏ.சி. போட்ட ரூமில் உட்கார்ந்து வருகிறது... அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஊருக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னியே?"

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"பால்கனில பேசுனா தெருவுக்கே கேக்கும். போறியா, இல்லியா?"

"போகலீங்க அத்தை" என்றாள். சொல்லிவிட்டு, மாவு இருந்த கரண்டியை என் கையிலிருந்து வாங்கி அவளே தோசை ஊற்றினாள். ஏதோ பாட்டும் வந்தது.

அப்புறம் ஆரம்பித்தது ஏற்பாடு. கொசுவத்தி, டார்ச், குடை, தைலம், புளிசாதம், தயிர்சாதம். தோப்பென்றால் பாம்பு வராதா? மழை வந்தால் டென்ட் ஒழுகாதா? பாத்ரூம் எப்படி? ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பையில் வைத்திருந்த குக்கரைப் பார்த்ததும்தான் பொறுமை போனது.

"அத்தை, பாட்டுக் கேக்கப் போறமுங்க. குடித்தனம் பண்ணப் போகல!"

முருகேசனுக்கு வேறு கவலை. "யக்கா, தோப்புல போய் பட்த்துக்கினு பாட்டு கேக்கணுமா? ஊட்ல ஃபேன் போட்டு கேட்டா ஏறாதா?" ஆனாலும், பூந்தமல்லியில் மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பதால் பஸ்ஸை நம்ப முடியாது, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டான்.

நாளைக் காலை கிளம்புகிறோம். சற்று முன்னால் புனேவிலிருந்து தினேஷ் வீடியோ காலில் வந்தான்.

"மாமியாரும் மருமகளும் ஃபெஸ்டிவலா? நம்பவே முடியல! யாரு யாரக் கூட்டிகினு போறீங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம் — "நான்தான்!"